செல்லாக்காசு டப்பாவைக் கலைக்காதே! இலங்கைக் காசு சேர்க்க அக்காவின் டிப்ஸ்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரண்ல ஏறினியா? மூலையில துருப்பிடிச்ச பால்மாவு டப்பா ஒண்ணு கிடைச்சுதா? உலுக்கினா கலகலன்னு சத்தம், திறந்தா செல்லாக்காசு? "இந்தக் குப்பையை எதுக்கும்மா வச்சிருக்கே"ன்னு பழைய இரும்புக்காரருக்குப் போட எடுத்துட்டியா? நில்லு. டப்பாவை மூடு. கீழே இறங்கி வந்து அக்கா சொல்றதைக் கேளு.

நம்ம ராசிங்காபுரம், சிலமலை, போடிப் பக்கத்து வீடுகள்ல இப்படி ஒரு டப்பா இருந்தா எனக்கு ஆச்சரியமே வராது. விடியுமுன்ன தூக்குச்சட்டியோட ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற சனம் நம்ம சனம். நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே சனம் கடல் தாண்டியும் மலையேறப் போயிருக்கு: கண்டி, பதுளை, நுவரெலியான்னு. போடி வழியாப் போற பழைய 49-ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிச்சுக் கிழக்கே போய்க்கிட்டே இருந்தா அது முடியற இடம் தனுஷ்கோடி. 1914-ல பாம்பன் பாலம் வந்த பிறகு, அங்கே ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறி, தலைமன்னார்ல இறங்குவாங்க. போனவங்க திரும்பி வரும்போது மடியில முடிஞ்சுக்கிட்டு வந்ததுதான் அந்தச் செல்லாக்காசு.

அதனால வெளிநாட்டுக் காசு சேர்க்கணும்னு ஆசைப்பட்டா ஆன்லைன்ல ஆர்டர் போடாதே. பரண்லேருந்து ஆரம்பி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

1. ஒரு நாட்டைப் பிடி, அதுல நில்லு. பத்து நாட்டுக் காசை நாலு நாலாச் சேர்த்தா உன்கிட்ட நாற்பது காசு இருக்கும், ஒரு நாட்டோட கதையும் தெரிஞ்சிருக்காது. புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற முதல் தப்பு இதுதான். அக்கா சொல்ற நாடு இலங்கை. வீட்டுலயே கிடைக்கும், விலை அதிகமில்லை, எல்லாத்துக்கும் மேல அந்தக் காசுல தமிழ் இருக்கு. நம்ம அன்றாடக் காசுல இந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான். வெள்ளைக்காரன் 1870-ன்னு வருஷம் போட்டு அடிச்ச இலங்கைச் செப்புக்காசை எடுத்துப் பாரு: நடுவுல ஒரு பனைமரம், ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குக்கூட அது புரியும். வேற எந்த வெளிநாட்டுக் காசு இப்படி உன்கிட்ட உன் பாஷையில பேசும்? சிங்கப்பூர்க் காசுலயும் நாட்டுப் பேரு தமிழ்ல இருக்கு. அதை ரெண்டாவதா வச்சுக்கோ.

2. டப்பாவைக் கலைக்காதே. திறந்த உடனே நாடு வாரியா, சைஸ் வாரியாப் பிரிச்சு அடுக்கணும்னு கை துறுதுறுங்கும். அடக்கிக்கோ. ஒரே டப்பாவுல இருந்த காசெல்லாம் சேர்ந்துதான் சாட்சி சொல்லும். நம்ம போடியிலேயே வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் ஒண்ணு கிடைச்சிருக்கு. பின்பக்கம் மீன் சின்னம் இருக்கிறதை வச்சு அது முற்காலப் பாண்டியரோடதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதுல பத்துக் காசு இங்கே, பத்துக் காசு அங்கேன்னு சிதறியிருந்தா யாரால அதைச் சொல்லியிருக்க முடியும்? உங்க அப்பத்தா டப்பாவும் ஒரு புதையல்தான். மொத்தமா ஒரு துணியில கொட்டிப் போன்ல ஒரு போட்டோ எடு. அப்புறம் எண்ணு. "இந்த டப்பாவுல இருந்தது"ன்னு நோட்டுல எழுது. நாளைக்குக் கடையில வாங்குற காசை இதோட கலக்கவே கூடாது. அதுக்கு வேற டப்பா.

3. காசைப் பார்க்கறதுக்கு முன்னாடி பெரியவங்களைப் பாரு. காசு இன்னும் நூறு வருஷம் இருக்கும், அம்மாச்சி இருக்க மாட்டாங்க. யாரு கொண்டு வந்தது, எந்தத் தோட்டம், ஆள் கூட்டிப் போன கங்காணி எந்த ஊரு, வரும்போது யார் யார் கூட வந்தாங்கன்னு இந்த நாலைக் கேட்டு அவங்க வார்த்தையிலேயே எழுதிக்கோ. "நீங்க எந்த வருஷம் வந்தீங்க?"ன்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. "தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா பிந்தியா?"ன்னு கேளு, டக்குனு சொல்லுவாங்க. புயல் 1964 டிசம்பர்னு உனக்குத் தெரிஞ்சாப் போதும்.

4. காசு மாதிரி இல்லாததையும் எடுத்து வை. ஓட்டை போட்ட தகர வில்லை, மேல நம்பர் மட்டும் அடிச்சிருக்கா? தூக்கிப் போட்டுடாதே. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும்போது, எந்தத் தோட்டத்து ஆள்னு தெரியறதுக்கு நம்பர் அடிச்ச தகர டிக்கெட்டு கொடுப்பாங்க. கழுத்துல கயித்துல கோத்துத் தொங்க விட்டுக்குவாங்க. வழிச்செலவு எல்லாம் அந்தத் தோட்டத்துக் கணக்குல ஏறும், பிறகு அது கூலியாள் தலையில கடனா இறங்கும். எங்க வீட்டுலயும் அப்படி ஒரு வில்லை இருந்துச்சு. பன்னெண்டு வயசுல அதை மூடி உடைஞ்ச ஏதோ ஒரு டப்பாவோட தகரம்னு நினைச்சு, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன். பழைய இரும்புக்காரர் ஒரு கைப்பிடி பழம் கொடுத்தார். இன்னிக்கும் பேரீச்சம்பழத்தைப் பார்த்தா எனக்கு அந்த நம்பர் ஞாபகத்துக்கு வராதான்னு இருக்கு. வராது, ஏன்னா நான் அதைப் படிக்கவே இல்லை.

காசைப் படிக்கிறது எப்படி?

தடிப் புத்தகமெல்லாம் பிறகு பார்த்துக்கலாம். அடுப்புல உலை கொதிக்கிற நேரத்துல ஒரு காசு படிச்சிடலாம். ஆறு இடத்தைப் பார்த்தாப் போதும்.

5. தலையைப் பாரு. அம்மா தலை, இடப்பக்கம் பார்க்குது, வருஷம் 1901-க்குள்ள: விக்டோரியா. தாடி வச்ச ஆள், வலப்பக்கம் பார்க்கிறார்: ஏழாம் எட்வர்டு. தாடியும் கிரீடமும் வச்சு இடப்பக்கம் பார்த்தா ஐந்தாம் ஜார்ஜ். தாடி இல்லாம, கிரீடத்தோட இடப்பக்கம் பார்த்தா ஆறாம் ஜார்ஜ். எலிசபெத் ராணி தலை போட்ட 2 சதக் காசு 1955, 1957-ன்னு ரெண்டே வருஷம்தான் வந்துச்சு. விளிம்பு பூவிதழ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். கிடைச்சா தனியா எடுத்து வை.

6. கணக்கைப் பாரு. நம்ம பாட்டிமார் எல்லாம் அணா, காலணான்னு பேச, இலங்கையிலேருந்து வந்த பாட்டி மட்டும் "சதம்"னு பேசுனாங்களே, ஏன்னு யோசிச்சியா? ஒரு ரூபாய்க்கு நூறு சதம்ங்கிற கணக்கு அங்கே 1872-லேயே வந்திருச்சு. நம்ம நாட்டுல நூறு பைசாக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. எண்பத்தஞ்சு வருஷ வித்தியாசம்! கால் சதம், அரைச் சதம்னு பொடிக்காசு வேற அங்கே உண்டு. அரைச் சதத்துக்கும் அன்னிக்கு ஏதோ ஒரு பொருள் கிடைச்சிருக்கு, அதனாலதான் அடிச்சிருக்கான். உள்ளங்கையில வச்சுப் பாரு, கூலி எந்த அளவுல இருந்திருக்கும்னு தானாப் புரியும்.

7. உலோகத்தைப் பாரு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். 10, 25, 50 சதக் காசு 1892-லேருந்து வெள்ளி. ஆயிரம் பங்குல 800 பங்கு வெள்ளி. முதல் உலகப் போர் முடிஞ்சு வெள்ளி விலை ஏறவும், 1919-லேருந்து அதை 550 பங்காக் குறைச்சிட்டான். காசோட மதிப்பு அதே, சரக்கு மட்டும் குறைவு. பாலுல தண்ணி ஊத்தறவன் நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்கான்னு நினைச்சியா? ரெண்டாம் உலகப் போர் வந்ததும் அந்த வெள்ளியும் போச்சு. 50 சதக் காசு 1942 வரைக்கும் வெள்ளி, 1943-ல பித்தளை நிறம். சதுரமா மூலை மழுங்கின 5 சதக் காசு 1909-ல வெள்ளை நிறமா ஆரம்பிச்சது, 1942-ல மஞ்சளா மாறிடுச்சு. நல்ல உலோகமெல்லாம் சண்டைக்குப் போயிருச்சு. நம்ம பக்கமும் சும்மா இருக்கலை. 1928-ல வந்த மதுரை–போடி ரயிலை அந்தப் போர்க்காலத்துலதான் மூடினாங்க, திரும்ப ஓடினது ஐம்பதுகள்ல. மஞ்சள் நிறச் சதுரக் காசை எடுக்கும்போதெல்லாம் எனக்குப் போடி ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். ரெண்டும் ஒரே சண்டையில அடிபட்டது.

8. தலையைச் சுத்தி இருக்கிற எழுத்தைப் பாரு. லென்ஸ் இல்லைன்னா போன் கேமராவைப் பெருசாக்கிப் படி. 1945 வருஷக் காசுல ஆறாம் ஜார்ஜ் 'அரசர், இந்தியாவின் பேரரசர்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். 1951 காசுல அதே தலைதான், ஆனா வெறும் 'ஆறாம் ஜார்ஜ் அரசர்'. பேரரசர் பட்டம் எங்கே போச்சு? நடுவுல 1947 வந்துச்சே! நாம சுதந்திரம் வாங்கின சேதியை அடுத்த நாட்டுக் காசுல படிக்கிற சுகம் வேற எதுலயும் இல்லை, செஞ்சு பாரு.

9. நாட்டுப் பேரைப் பாரு. 1963-ல ராணி தலை எடுத்துட்டு இலங்கைச் சின்னம் போட்ட புதுக்காசு வந்துச்சு. சட்டப்படி 1972 வரைக்கும் அவங்கதான் அந்த நாட்டுக்கு ராணி, ஆனா காசுலேருந்து முன்கூட்டியே இறக்கிட்டாங்க. 1972 மே 22-ல குடியரசாகி 'சிலோன்' போய் 'ஸ்ரீலங்கா' வந்துச்சு. இங்கிலீஷ்ல சிலோன்னு இருந்தா அதுக்கு முந்தி, ஸ்ரீலங்கான்னு இருந்தா பிந்தி. இவ்வளவுதான், மனப்பாடம் பண்ண ஒண்ணுமில்லை.

10. டப்பாவுல இருக்கிற கடைசி வருஷத்தைப் பாரு. எல்லாத்துலயும் முக்கியம் இது. புதையலுக்குக் காலம் சொல்ற ஆய்வாளர்கள் அதுல இருக்கிற ரொம்பப் புதுக்காசைத்தான் முதல்ல தேடுவாங்க. அந்த வருஷத்துக்கு முன்னாடி அந்தப் புதையலை மூடியிருக்க முடியாது. அதே கணக்கு உங்க டப்பாவுக்கும் பொருந்தும்.

எங்க அம்மாச்சி கடைசி வரைக்கும் "தனுஷ்கோடியிலதான் இறங்கினோம், எல்லாரும் ஒண்ணாத்தான் வந்தோம்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. தனுஷ்கோடியில இறங்கியிருந்தா 1964 டிசம்பருக்கு முந்தி. டப்பாவைக் கொட்டி வருஷத்தை எழுதினேன். 1926, 1942, 1943, 1951, 1957, 1963. எல்லாம் சரியா வந்துச்சு. கடைசியா ஒரு ரூபாய்க் காசு ஒண்ணு: 1971. எப்படி?

சின்னம்மாகிட்ட போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: பெரிய மாமா அவங்களோட வரலை. கையெழுத்து, காயிதம்னு ஏதோ சிக்கல், அங்கேயே தங்கிட்டாரு. 1964 அக்டோபர் 30-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆளைப் பங்கு பிரிச்சாங்க இல்லையா? அந்தக் கணக்குல அவர் பேரு வர எட்டு ஒன்பது வருஷம் ஆயிருச்சு. தனியா வந்து ராமேஸ்வரத்துல இறங்கினாராம். கையில இருந்த சில்லறையை அதே டப்பாவுல போட்டிருக்கார். அவரை விட்டுட்டு வந்ததை அம்மாச்சியால வாயால சொல்ல முடியலை, அதான் "எல்லாரும் ஒண்ணா வந்தோம்"னே சொல்லிட்டாங்க. டப்பாவைக் கலைச்சிருந்தா அந்த ஒரு ரூபாய் வெறும் ஒரு ரூபாய்.

11. வருஷத்தைப் பார்த்து ஏமாறாதே. ஏலக்காய் போற ஊருக்கெல்லாம் நம்ம பையன்களும் வேலைக்குப் போறாங்களே, அந்தக் காசும் டப்பாவுல கலந்திருக்கும். சவுதிக் காசுல 1408-ன்னு இருந்தா அறுநூறு வருஷப் பழசுன்னு குதிக்காதே. அது ஹிஜ்ரி ஆண்டு, நம்ம கணக்குக்கு 1987–88. தாய்லாந்துக் காசுல 2530-ன்னு இருந்தா 543-ஐக் கழி, 1987 வரும்.

தேய்க்காதே, சொல்லிட்டேன்!

12. புளி, விபூதி, எலுமிச்சை, பற்பசை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். நூறு பேர்ல தொண்ணூறு பேர் கெடுக்கிற இடம் இது. நானும் கெடுத்தேன். 1870-ஆம் வருஷ 5 சதம், பெரிய செப்புக்காசு, பழுப்பு நிறத்துல வழவழன்னு இருந்துச்சு. கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தேய்ச்ச கையோட அதுக்கும் புளி போட்டு நார் வச்சுத் தேய்ச்சேன். பளபளன்னு ஆச்சு, தோலுரிச்ச மாதிரி ரோஸ் நிறம். பனைமரத்து ஓலைக் கீத்து மழுங்கிப் போச்சு, தமிழ் எழுத்தோட விளிம்பும் போச்சு. ரெண்டே மாசத்துல திட்டுத் திட்டாக் கறுத்து, முன்ன இருந்ததைவிட அசிங்கமாயிருச்சு. அந்தப் பழுப்பு அழுக்கில்லை, காசு தனக்குத் தானே போட்டுக்கிட்ட போர்வை. ஏலக்காய் ஸ்டோர்ல பச்சை குறைஞ்சா காய்க்கு விலை கிடைக்குமா? காசும் அப்படித்தான். நிறம் போச்சுன்னா சேர்க்கிறவங்க தொடமாட்டாங்க.

13. மண்ணு ஒட்டியிருந்தா? காய்ச்சி வடிச்ச தண்ணியில, பேட்டரிக்கு ஊத்தறாங்களே அதுல, ஒரு ராத்திரி ஊறவை. வெள்ளைப் பருத்தித் துணியில ஒத்தி எடு. ஒத்தணும், துடைக்கக் கூடாது. போகாத மண்ணு இருந்துட்டுப் போகட்டும்.

14. விளிம்பைப் பிடி, முகத்தைத் தொடாதே. தேங்காய் துருவின கை, தலைக்கு எண்ணெய் வச்ச கையெல்லாம் காசுல ரேகை விழ வச்சிடும். செம்புல அது ஆறு மாசம் கழிச்சுக் கறுப்பாத் தெரியும். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போக உலர்த்திட்டு எடு. கீழே துண்டு விரிச்சுக்கோ, சிமெண்டுத் தரையில விழுந்தா விளிம்பு நசுங்கும்.

வைக்கிற இடம்

15. சாதாரண பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மெத்துனு வழுவழுப்பா, புது மழைக்கோட்டு வாசம் அடிக்கிற பி.வி.சி. கவர்ல வச்சா ரெண்டு மூணு வருஷத்துல காசு மேல பச்சைப் பிசின் மாதிரி ஊறும். அட்டையில வட்டமா ஜன்னல் வெட்டின ஹோல்டர் கிடைக்கும், அதுல போடு. ஸ்டேப்ளர் முள்ளைத் தட்டையா அமுக்கிடு, இல்லைன்னா பக்கத்துக் காசைக் கீறிடும். செலவு செய்ய மனசில்லையா? வெள்ளைக் காகிதத்துல தனித்தனி உறை மடிச்சுப் போடு. செய்தித்தாள்ல மட்டும் மடிக்காதே.

16. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே. அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வச்சிடும், குறுக்குக் கோடு விழுந்த மாதிரி. கற்பூரம், அந்துருண்டை கிட்டேயும் வைக்காதே. சாமி உண்டியல்லயும் வேண்டாம்.

17. சாரல் காலத்துல கவனம். மலையடிவாரத்து ஈரம் துணிமணியை மட்டும் பூஞ்சை பிடிக்க வைக்காது. மாத்திரை டப்பாவுலயும் செருப்புப் பெட்டியிலயும் வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்து வச்சுக் காசுப் பெட்டியில போடு. சுவரை ஒட்டி வைக்காதே, சமையக்கட்டுலயும் வைக்காதே. பிள்ளைங்க அந்தப் பொட்டலத்தை எடுத்து வாயில போட்டுடாம பார்த்துக்கோ.

வாங்கும்போதும் விற்கும்போதும்

18. முதல் ஆறு மாசம் ஒண்ணும் வாங்காதே. இருக்கிறதைப் படி. சொந்தக்காரங்க வீட்டுல கேளு. அப்புறமும் ஆசை அடங்கலைன்னா ஒரு எல்லை போட்டு வாங்கு. நல்ல எல்லை ஒண்ணு சொல்றேன்: இலங்கை மத்திய வங்கி 2013-ன்னு வருஷம் போட்டு 25 மாவட்டத்துக்கும் ஆளுக்கொண்ணா 25 வகை 10 ரூபாய்க் காசு வெளியிட்டிருக்கு. உங்க ஆளுங்க இருந்த நுவரெலியாவோ பதுளையோ கண்டியோ அதுல இருக்கும். இருபத்தஞ்சும் சேர்க்கிறதுக்குள்ள அந்த நாட்டுப் படம் உன் மனசுல பதிஞ்சிடும்.

19. காந்தம் ஒண்ணு கையில இருக்கட்டும். வெள்ளியிலயும் செம்புலயும் காந்தம் ஒட்டாது. வெள்ளின்னு சொல்லி விக்கிற காசு காந்தத்துல 'டப்'புனு ஒட்டினா நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டு. அதுக்காக ஒட்டுறதெல்லாம் போலின்னும் சொல்லிடாதே, 2005-க்குப் பிறகு வந்த இலங்கைக் காசுல பல மேல பூச்சுப் பூசின எஃகுதான். விளிம்பைச் சுத்தி ஒட்டுப்போட்ட மாதிரி கோடு ஓடினா, முகத்துல சோப்பு நுரை மாதிரி பொடிக்குழி இருந்தா, அது அச்சுல ஊத்தி வார்த்த போலி.

20. பழங்காலத்துக் காசுல கைவைக்க அவசரப்படாதே. நின்ன கோலத்துல ஒரு ஆள், பின்னாடி உட்கார்ந்த கோலத்துல ஒரு ஆள்னு இருக்கிற ராஜராஜன் காசு, நம்ம பக்கமும் இலங்கையிலயும் நிறையக் கிடைச்சது. அதைப் பார்த்துப் பராக்கிரமபாகு மாதிரி பொலன்னறுவை ராஜாக்களும், லீலாவதிங்கிற ராணியும் அதே மாதிரி அடிச்சிருக்காங்க. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தி போட்டு 'சேது'ன்னு தமிழ்ல எழுதின காசும் உண்டு. கதை கேட்க ஆசையா இருக்கும், கேளு, படி. ஆனா போலி அதிகமாப் புழங்கற இடமும் இதுதான். கண்ணு பழகாம காசைக் கொட்டாதே.

21. சட்டத்தைத் தெரிஞ்சுக்கோ, பயப்படாதே.
- வெளிநாட்டுக் காசு வீட்டுல வச்சிருந்தா தப்பான்னு பயப்படறவங்க உண்டு. தப்பே இல்லை. அந்நியச் செலாவணி விதிப்படி வெளிநாட்டு நாணயம் எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கலாம். உச்சவரம்பு எல்லாம் நோட்டுக்குத்தான்.
- நூறு வருஷம் தாண்டின காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். கனடாவுல இருக்கிற மச்சான் ஆசைப்படறார்னு 1870 காசைக் கூரியர்ல அனுப்பிடாதே. இலங்கையிலேருந்து பழங்காசு எடுத்து வர்றதுக்கும் அங்கே இதே மாதிரி சட்டம் இருக்கு.
- உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பானையோட கிடைச்சா பங்கு போடாதே. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. கலெக்டருக்குத் தெரிவிக்கணும். வி.ஏ.ஓ.கிட்ட சொல்லி ஆரம்பி.

22. "உங்க பழைய காசுக்கு லட்சம் ரூபாய்"னு போன் வந்தா வச்சிடு. முன்பணம் கட்டு, வரி கட்டு, ரிசர்வ் வங்கி கமிஷன் கட்டுன்னு ஒண்ணொண்ணாக் கேட்பான். ரிசர்வ் வங்கியே 2021-ல அறிக்கை விட்டிருக்கு: பழைய காசு வாங்க விற்க நாங்க யாரையும் நியமிக்கலை, கமிஷனும் கேட்கறதில்லைன்னு. காசு வாங்குறவன் உனக்குப் பணம் கொடுக்கணுமே தவிர, உன்கிட்ட பணம் கேட்க மாட்டான். இது மளிகைக்கடை நியாயம், இதுக்குப் படிப்பு வேண்டாம்.

வேலை நெருக்கடியில இருக்கிறவங்களுக்குக் குறுக்கு வழி

23. வாரத்துக்கு ஒரு காசு போதும். ஞாயித்துக்கிழமை, கறி வேகற நேரம். ஒரு காசு எடு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சு, ஃபிளாஷ் போடாம ரெண்டு பக்கமும் போட்டோ எடு. நேரா வெளிச்சம் அடிச்சா எழுத்து தெரியாது, பக்கத்துலேருந்து அடிச்சா தேய்ஞ்ச எழுத்தும் எழும்பி நிற்கும். நோட்டுல அஞ்சு வரி எழுது: வருஷம், மதிப்பு, தலை, உலோகம், யாரு கொடுத்தது. அந்த வருஷத்துல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு ஆறாவது வரி எழுதினா நீ என்னையும் தாண்டிட்டேன்னு அர்த்தம்.

24. தேடற இடம். நியூமிஸ்டான்னு ஒரு இணையதளம் இருக்கு. நாடு, வருஷம் போட்டா காசு படத்தோட விவரம் வரும். இலவசம். ஆழமாப் போக ஆசையா? காட்ரிங்டன்னு ஒரு வெள்ளைக்காரர் 1924-ல இலங்கைக் காசுகளைப் பத்தி எழுதின இங்கிலீஷ் புத்தகம்தான் இன்னிக்கும் எல்லாரும் புரட்டறது. ஈழத்துத் தமிழ் மன்னர்களோட காசுகளைப் பத்திப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எழுதியிருக்கார். சென்னைக்குப் போனா எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக் காசுப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு. கொழும்புக்கே போற யோகம் வந்தா, கோட்டையில மத்திய வங்கியோட பொருளாதார வரலாற்று அருங்காட்சியகம் இருக்கு.

25. பிள்ளைங்க கையில கொடு. "தொடாதே, தொடாதே"ன்னு பூட்டி வச்சா உனக்குப் பிறகு அது மறுபடியும் செல்லாக்காசுதான். தேய்ஞ்சு போன ரெண்டு மூணு காசை அவங்களுக்குன்னு ஒதுக்கிடு. காகிதத்தை மேல வச்சுப் பென்சிலால தேய்ச்சா பனைமரம் மேல வரும். அந்த ஒரு பனைமரம் வந்துட்டாப் போதும், மிச்சத்தை அவங்களே கேட்பாங்க.

சரி, அக்கா நிறையப் பேசிட்டேன். இன்னிக்கு ராத்திரி நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். டப்பாவை எடு, எல்லாத்துலயும் இருக்கிற வருஷத்தை வரிசையா எழுது, கடைசி வருஷத்துக்கு அடியில ஒரு கோடு போடு. காலையில அந்தச் சீட்டைக் கொண்டுபோய் வீட்டுல மூத்தவங்க கையில கொடுத்து, "இந்த வருஷம் யாரு வந்தது?"ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உட்காரு. அவங்க பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள எழுந்து போயிடாதே.